பொலிஸ் பூட்டனின் பணிப்பதிவு

எங்கள் வீட்டில் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் ஒரு பொலிஸ்காரர் நிற்கிறார். அப்பாவின் பூட்டன். விக்டோரியா ராணி காலத்தில் யாழ்ப்பாணத்துப் பொலிஸில் இருந்தவர். கழுத்துவரை பூட்டிய சட்டை, அகலமான தோல் பட்டி, இடது கை ஒரு நாற்காலியின் முதுகில். அந்தக் கையின் சின்னவிரல் பாதியோடு நிற்கும். இடம்பெயர்ந்த வீடுகளையெல்லாம் தாண்டி பாரிஸ் வரை வந்து சேர்ந்த ஒரே படம் அதுதான். அவர் இன்ஸ்பெக்டர் என்று அப்பா சொல்வார். அவருடைய பெயர், அவர் தகப்பனின் பெயர், அதற்கு மேல் அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது.

வரலாற்றில் முதுகலை முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் அலைந்த மாதங்களில், அவரைத் தேடிப் பிடிப்பதென்று முடிவெடுத்தேன். எனக்கு எதையும் மெதுவாகச் செய்யத் தெரியாது. ஒரே வாரத்தில் கண்ட கண்ட காப்பகங்களுக்கெல்லாம் மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்று மாதம் கழித்து, நான் மறந்தே போயிருந்த ஓரிடத்திலிருந்து பழைய பொலிஸ் பணிப்பதிவேட்டின் பக்கங்கள் ஸ்கானாக வந்தன. அன்று மத்தியானமே பெயரை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன். கான்ஸ்டபிளாகச் சேர்ந்து, சார்ஜன்ட் ஆகி, இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர். நன்னடத்தைக்குப் பதக்கம் வேறு.

தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், ரூ காய் தெருவில் அப்பா வேலை செய்யும் மரக்கறிக் கடைக்கு ஓடினேன். அப்பா கைபேசியில் அந்தப் பக்கத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். ஆங்கிலம் தெரியாது என்றாலும் ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்துக்கொண்டு போனார்.

"அப்ப நீ பொலிஸ் பரம்பரையோ?" என்றார் கடை முதலாளி அண்ணை. "பிறகேன் மெத்ரோ வாசல்லை பொலிஸ் மறிச்சுக் கொன்ட்ரோல் பண்ணுது எண்டவுடனை வாழைக்குலைக்குப் பின்னாலை போய் நிக்கிறாய்?"

"அது மரியாதை, அண்ணை," என்றார் அப்பா. "பூட்டன்ரை ஆக்களுக்கு இடம் விடுறன்."

கடை முழுக்கச் சிரித்தது. நானும்தான். பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்து எத்தனையோ வருடமாகியும் அப்பா சீருடையைக் கண்டால் ஒதுங்குவார். ஊரில் ஒருமுறை அவரைப் பிடித்து வைத்திருந்தார்கள். எங்களுக்குத் தெரிந்தது அந்த ஒரு வசனம்தான். அதற்கு அடுத்த வசனத்தை அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

அன்று மாலையே லண்டனுக்கும் கனடாவுக்கும் தொலைபேசியில் செய்தி பறந்தது. பக்கத்துத் தெருவான ரூ பெர்தொனேயில் ஒரு படக்கடையில் அப்பா பூட்டனைப் பெரிதாக்கக் கொடுத்தார். கீழே பெயர், 'இன்ஸ்பெக்டர்', பதக்கம் பெற்றவர் என்ற வரி. ஆடி அமாவாசைக்குச் சொந்தக்காரரைக் கூப்பிட்டு, படையலோடு அதை மாட்டுவதாகத் திட்டம். அவர் இவ்வளவு கதைத்து நான் பார்த்ததில்லை.

மிச்சப் பக்கங்களை நான் வாசித்தது சும்மாதான், ஆசையில். மூன்று பக்கம் தள்ளி, இன்னொருவரின் பதிவில், அங்க அடையாளம் என்ற கட்டத்தில் ஒரு வரி நின்றது. இடது கைச் சின்னவிரல் பாதி இல்லை.

எழுந்துபோய்ப் படத்திலிருந்த கையை இன்னொரு முறை பார்த்தேன்.

பிழை என்னுடையது. எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பன் பெயர் முன்னால், தன் பெயர் பின்னால். பிரான்சில் அகதி விண்ணப்பம் நிரப்பியவர்கள்தான் அப்பப்பாவின் பெயரை எங்கள் எல்லோருக்கும் குடும்பப் பெயராக்கினார்கள். அதற்குள்ளேயே பிறந்து வளர்ந்த நான், வெள்ளைக்காரன் பதிவேட்டில் தன் பெயர் முன்னுக்கும் குடும்பப் பெயர் பின்னுக்கும்தானே இருக்கும் என்று அந்த வரிசையில் தேடினேன். பதிவேட்டை நிரப்பிய எழுத்தரோ ஊர் வழக்கப்படியே எழுதியிருந்தார். பேரனுக்குப் பாட்டன் பெயரை வைக்கும் ஊரில் அதே இரண்டு பெயர்களும் இடம் மாறி இன்னொருவருக்கும் இருந்தன. பதக்கம் அவருக்கு. பாதி விரல் எங்களுக்கு.

எங்களுடையவர் கான்ஸ்டபிளுக்கு மேல் போகவில்லை. நாலாம் வருடத்தில் வேலை நீக்கம். குறிப்புக் கட்டத்தில் சின்ன எழுத்தில் காரணம் இருந்தது. அவருடைய காவலில் வைத்த கைதி ஒருவர் விடியும்போது அறையில் இறந்து கிடந்தார். உடம்பில் காயங்கள். தனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை என்று கான்ஸ்டபிள் விசாரணையில் சொல்லியிருக்கிறார்.

இறந்தவரின் பெயரை எழுதவில்லை. ஒரு கைதி, அவ்வளவுதான்.

அதன் பிறகு சில நாட்கள் நான் சரியாக இல்லை. லா சப்பலை விட்டு மெத்ரோ மேம்பாலத்தில் போகும்போது கண்ணாடியில் என் முகத்துக்குள் பூட்டனின் தாடை தெரிந்தது. உண்மையிலேயே அதே தாடைதான். வீட்டில் யாராவது அடுத்த அறையில் பெருமூச்சு விட்டாலும் எனக்குக் கேட்டது. தண்ணீர்க் குழாய் கேட்டது. மேல்மாடிக்காரரின் செருப்பு கேட்டது. ஒரு மனிதர் அடிபட்டுச் சாகிறபோது கதவுக்கு வெளியே நிற்பவருக்கு என்ன கேட்காமல் போயிருக்கும்? சொல்லாமலே விட்டுவிடலாமா என்றும் யோசித்தேன். வேறொருவரின் பதக்கம்தான், யார் போய்ச் சரிபார்க்கப் போகிறார்கள்? ஆனால் சனிக்கிழமை படம் தயாராகிவிடும். மாட்டிய பிறகு சொல்ல எனக்குத் தைரியம் வராது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கடையின் பின்பக்கம் போனேன். ஆடி அமாவாசைக் கறிக்கென்று விமானத்தில் வந்த காத்தோட்டிக்காய்ப் பெட்டிகளை அப்பா உடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, நான் பிழை விட்டிட்டன்."

"என்ன பிழை?"

"அந்த இன்ஸ்பெக்டர் எங்கடை ஆள் இல்லை. எங்கடையவர் வெறும் கான்ஸ்டபிள்."

அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். "அதுக்கேன் முகத்தை இப்பிடி வச்சிருக்கிறாய், பிள்ளை? கான்ஸ்டபிளும் பொலிஸ்தானே. இரண்டு எழுத்தை மாத்தச் சொன்னாச் சரி."

மிச்சத்தையும் சொன்னேன். பெட்டிக் கயிற்றை வெட்டிக்கொண்டிருந்த கத்தி நின்றது.

"விசாரணையிலை என்னெண்டு சொன்னவராம்?"

"தனக்கு ஒரு சத்தமும் கேக்கேல்லையாம்."

அப்பா கத்தியைப் பெட்டியின் மேல் வைத்தார்.

"கேக்கும்," என்றார். "பக்கத்து அறையிலை இருந்தாலே கேக்கும். எனக்குக் கேட்டது."

முப்பது வருடத்துக்கு மேல் வராத அடுத்த வசனம் அதுதான்.

"அந்தச் செத்த ஆளின்ரை பேர் என்ன?"

"எழுதேல்லை, அப்பா."

"ம்."

முன்பக்கத்திலிருந்து முதலாளி அண்ணை கூப்பிட்டார். "இன்ஸ்பெக்டர் ஐயா, காத்தோட்டிக்காய் வருமோ, இல்லாட்டி அதையும் பிடிச்சு உள்ளுக்கை போட்டிட்டியளோ?"

"வாறன் அண்ணை," என்று அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். ஆட்களோடு வழக்கம்போலத்தான் கதைத்தார். நான் அங்கேயே நின்று, அவர் வெட்டிப்போட்ட கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரிய படத்தை அவர் எடுக்கப் போகவில்லை. சொந்தக்காரருக்குத் தொலைபேசி எடுத்து, மகள் தேடியதில் ஆள் மாறிவிட்டது, நம்முடையவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் என்று சொன்னார். காரணம் கேட்டவர்களுக்கு அதையும் சொன்னார். வருவதாக இருந்தவர்களில் பாதிப் பேருக்கு அன்றைக்கு வேறு அலுவல் வந்துவிட்டது.

அமாவாசையன்று அம்மா வழமைபோல அப்பப்பாவுக்கும் முன்னோருக்கும் ஓர் இலை போட்டார். அப்பா இன்னோர் இலையைக் கழுவிக் கொண்டுவந்து பக்கத்தில் விரித்தார்.

"இது ஆருக்கு?" என்றார் அம்மா.

"ஒருத்தருக்கு."

"ஒருத்தருக்கெண்டா? பேர் சொல்லித்தானே படைக்கிறது."

"பேர் தெரியாது. நீர் போடும்."

அம்மா என்னைப் பார்த்தார். சோறு, பருப்பு, காத்தோட்டிக்காய்க் கறி, வடை, பாயசம் எல்லாம் இரண்டாவது இலைக்கும் வந்தன. கற்பூரம் காட்டினோம். காகத்துக்கென்று ஜன்னலில் வைத்த சோற்றை வழக்கம்போலப் புறாக்கள் தின்று முடித்தன. பிறகு சாப்பாடு. முன்னோரின் இலையில் என்னை இருக்கச் சொன்னார்கள். மற்ற இலைக்கு முன்னால் அப்பா சம்மணமிட்டு இருந்தார். அவர் சாப்பாட்டில் எப்போதும் கணக்குப் பார்ப்பவர், சீனி வருத்தக்காரர். அன்று அம்மா போடப் போடப் போதும் என்று கைகாட்டவே இல்லை. தலையைக் குனிந்துகொண்டு, இலை வெறுமையாகும்வரை சாப்பிட்டார்.