நல்ல தண்ணீரில் குளித்த எஞ்சின்

ஒரு வருடம் காத்திருந்து வாங்கிய, நிஜ எரிபொருளில் ஓடும் நைட்ரோ ரிமோட் கார், இன்று காலை சல்லிக் கடற்கரையில் முதன்முதலாகப் புகைவிட்டது. எஞ்சினைக் கிளப்பும் கயிற்றை இழுத்து இழுத்து என் தோள்பட்டை கழன்றே போனது.

புது எஞ்சினை எடுத்தவுடன் விரட்டக்கூடாது. ஒவ்வொரு தாங்கி எரிபொருளையும் மெதுவாக எரியவிட்டு, இடையில் தானாக ஆறவிட வேண்டும். மூன்று தாங்கி வரை கைக்குழந்தையைப் போலப் பார்த்தேன். நான்காவது முடிந்ததும், ஆறட்டும் என்று தேத்தண்ணி குடிக்கப் போனேன்.

காவலுக்கு நின்றவர் மனைவியின் அண்ணன். இருபது வருடமாகக் கடலுக்குப் போகிறவர்.

திரும்பி வந்தால், கார் வாளித் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கிறது.

"என்ன மச்சான் செய்றீங்கள்?"

"உப்புக் காத்தெல்லோ. கரைக்கு வந்த உடன எங்கட போட் எஞ்சினையும் நல்ல தண்ணியிலதான் கழுவுறனாங்கள். உள்ளுக்கும் போகட்டும் எண்டு அமத்திப் பிடிச்சனான். சொய்ங் எண்டு சத்தமும் வந்தது."

அதுதான் கடைசிச் சத்தம். சூட்டோடு நனைந்த எஞ்சின் இறுகிவிட்டது; இப்போது கயிறு அசையவே இல்லை.

திட்டவும் ஏலாது. அந்த வாளியை வீட்டிலிருந்து சுமந்து வந்திருக்கிறார்.

"இனித் துருப்பிடிக்காது, பயப்பிடாதேங்கோ" என்றார்.

உங்கள் வீட்டிலும் அன்பாலேயே செத்த சாமான் ஏதாவது உண்டா? சொல்லுங்கள், இன்றைக்கு எனக்கு வேறு ஆறுதல் இல்லை.