அலவத்துகொடவிலிருந்து வந்த கிளாஸ்

எங்கள் ஆய்வுகூடத்துக்குத் தொலைபேசி வந்தால் பெரும்பாலும் இரண்டே காரணம்தான். சிறுநீரகத் துணுக்கு ஒன்று அனுப்பியிருக்கிறோம், அவசரம் என்பார்கள். அல்லது, தமிழ் தெரிந்த டொக்டர் இருக்கிறாரா, கொஞ்சம் வார்டுக்கு வரமுடியுமா என்பார்கள். முதல் வேலைக்குத்தான் எனக்குச் சம்பளம். இரண்டாவது வேலை தானாக என் தலையில் வந்து விழுந்தது. விழுந்தது விழுந்தபடியே இருக்கிறது.

நான் நோயாளிகளைப் பார்க்கும் டொக்டர் அல்ல. அவர்களுடைய உடம்பிலிருந்து ஊசியால் எடுத்த நூல்துண்டு அளவு சதையை மெழுகில் பதித்து, மெல்லியதாகச் சீவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்து இன்ன நோய் என்று எழுதுகிறவள். யாரோடும் அதிகம் பேசவேண்டியிராது என்று நம்பித்தான் இந்தத் துறையை எடுத்தேன். கண்டி மஹய்யாவயில் ஒட்டி ஒட்டி நிற்கும் வீடுகளில், பக்கத்து வீட்டுக்காரர் இருமினால் நமக்குத் தொண்டை கரகரக்கும் நெருக்கத்தில் வளர்ந்தவளுக்கு அப்படி ஓர் ஆசை வந்ததில் தப்பில்லை. ஆனால் ஆசை பலிக்கவில்லை. கண்டியைச் சுற்றியுள்ள எந்த ஊரிலிருந்து தமிழ் பேசுகிறவர் வந்து படுத்தாலும் என் மதியச் சாப்பாடு ஆறிப்போகும்.

நோன்பு மாதத்தின் நடுவில் அந்தத் துணுக்கு வந்தது. அலவத்துகொடக்காரர், அறுபதை நெருங்கும் வயது, ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவர். பல வருடமாகச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. அதைத் தவிர அவர் சிறுநீரகத்தில் குறை சொல்ல எதுவும் இருக்கவில்லை. அப்படிப்பட்டவர் திடீரென்று வாந்தியும், நிற்காத விக்கலுமாக வந்து சேர்ந்தார். சிறுநீர் அநேகமாக நின்றுவிட்டிருந்தது. மழைக்காலம் என்பதால் வார்டில் முதலில் எலிக்காய்ச்சலைச் சந்தேகித்தார்கள். அது இல்லை என்று ஆனதும், காரணம் தெரியாமல் டயலிசிஸ் செய்துகொண்டே துணுக்கு எடுத்து எனக்கு அனுப்பினார்கள்.

சாதாரண வெளிச்சத்தில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. நுண்ணோக்கியில் ஒளியை ஒரே திசைக்கு வடிகட்டும் கண்ணாடி ஒன்று உண்டு. அதைப் போட்டதும் சிறுநீர்க் குழாய்களுக்குள் கல்கண்டை உடைத்துப் போட்டதுபோலப் பளபளத்தது. ஒக்சலேட் படிகங்கள். சில புளிப்புக் காய்களிலும் கீரைகளிலும் இருக்கும் உப்பு அது. அளவுக்கு மிஞ்சி உள்ளே போனால், போகிற வழியில் சிறுநீரகத்தில் படிந்து குழாய்களை அடைத்துவிடும். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அந்த அழகின் மேல் எனக்கு எப்போதும் ஓர் எரிச்சல் உண்டு. ஒரு மனிதனின் மூச்சை முட்டவைக்கிற விஷயம் இவ்வளவு லட்சணமாக இருக்க வேண்டிய அவசியம் என்ன?

இந்த நோயைத்தான் எங்கள் குழு ஆராய்ந்துகொண்டிருந்தது. எப்படி வருகிறது என்பது ஓரளவு தெரியும். யாருக்கு வரும், வந்தவர்களில் யாருடைய சிறுநீரகம் திரும்பும், யாருடையது திரும்பாது என்பதுதான் தெரியாது. குழுத் தலைவருக்கு நான் கண்டதைச் சொன்னபோது அவருடைய முகம் மலர்ந்தது. பிறகு அவரே வெட்கப்பட்டு அதைச் சரிசெய்துகொண்டார். என்ன குடித்தார், எவ்வளவு குடித்தார் என்று கேட்டு வாருங்கள் என்றார். வேறு யார் போவது?

வார்டில் அதற்கு முன்பே விசாரித்திருந்தார்கள். நாட்டு மருந்து எடுத்தாரா, கஷாயம் குடித்தாரா, கடையில் ஏதாவது வாங்கிச் சாப்பிட்டாரா என்று கேட்டிருந்தார்கள். மகனும் மைத்துனரும் எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று சொல்லியிருந்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். சமையலறையில் நடப்பதைக் கடைக்குப் போகும் ஆண்களிடம் கேட்டால் வேறு என்ன வரும்?

நான் போனபோது அவர் டயலிசிஸ் முடிந்து களைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். தூக்கத்திலும் விக்கல் வந்து தோளை உலுக்கியது. கட்டிலருகே பிளாஸ்டிக் கதிரையில் மனைவி இருந்தார். நோன்பு பிடித்திருந்த முகம், உதடு வெடித்திருந்தது. எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலும் முஸ்லிம் குடும்பங்கள்தான். நோன்பு வந்தால் மாலையில் கஞ்சிக் கோப்பை மதிலுக்கு மேலால் வரும். பேரீச்சம்பழத்தைக் கடித்ததும் முதல் மடக்காக என்ன குடிப்பது என்பதில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பிடிவாதம் இருப்பதும் எனக்குத் தெரியும். ஒரு வீட்டில் கசகசா போட்ட சர்பத், இன்னொரு வீட்டில் வெறும் பிளேன்டீ. அதனால் மருந்தைப் பற்றிக் கேட்காமல், நோன்பு திறக்க அவருக்கு என்ன கொடுப்பீர்கள் ராத்தா என்று கேட்டேன்.

அந்தக் கேள்வியில் அவருக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட வந்தது. மற்றவர்களுக்குச் சர்பத் என்றார். இவருக்கு இனிப்புக் கூடாது, ஆனால் நாள் முழுக்கத் தண்ணீரில்லாமல் இருந்தவருக்கு வெறும் தண்ணீரை நீட்ட மனம் வரவில்லை. வீட்டுக்குப் பின்னால் காமரங்கா மரம் காய்த்துக் கொட்டுகிறது. குறுக்கே வெட்டினால் நட்சத்திரம்போல இருக்குமே, அந்தப் புளிப்புக் காய்தான். சீனி வருத்தத்துக்கு நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதைப் பறித்து, சீனி போடாமல் அரைத்து, வடித்து, நோன்பு தொடங்கிய நாளிலிருந்து அவருக்கென்று தனியாக ஒரு பெரிய கிளாஸ் நிறைய.

என் முகம் எப்போதும் எனக்கு முன்னால் பேசிவிடும். அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு கட்டிலைப் பார்த்தார்.

"அதுவா டொக்டர்?"

அதுவாக இருக்கலாம் என்றேன். இருக்கலாம் என்பது எங்கள் தொழிலில் கோழைகளின் சொல். நான் அதற்குள் அந்தப் பளபளப்பைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

"மிச்சத்த நானும் குடிச்ச. சீனி போட்டு புள்ளைகளும் குடிச்ச. எங்க எல்லாருக்கும் ஒண்டும் இல்ல. அவருக்கு மட்டும் ஏன்?"

வெறும் வயிறு, நாள் முழுக்கத் தண்ணீர் காணாத உடம்பு, சீனி வருத்தத்தில் வெளியே தெரியாமல் களைத்த சிறுநீரகம், சிலருடைய குடல் இந்த உப்பைக் கூடுதலாக உறிஞ்சும் என்று தெரிந்ததையெல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அலுத்தது. ஏனென்றால் அவர் கேட்டது அதுவல்ல. அதே மரம், அதே நோன்பு, அதே சீனி வருத்தத்தோடு எத்தனையோ பேர் குடித்துவிட்டுத் தராவீஹ் தொழப் போயிருப்பார்கள். வருடக்கணக்காகப் படிகங்களைப் பார்த்துவிட்டு, ஏன் இவர் என்று கேட்கும் ஒரு மனைவியின் முன்னால் கையை விரித்துக்கொண்டு நிற்பதற்குப் பெயர் ஆராய்ச்சி.

கிளாஸ் எவ்வளவு பெரிது என்று கேட்டேன். கையால் காட்டினார். குழுத் தலைவர் கையளவை ஏற்கிறவர் அல்ல என்பது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். மறுநாள் அந்தப் பெண் பஸ் ஏறி, பத்திரிகைத் தாளில் சுற்றிய கிளாஸோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். நான் கொண்டுவரச் சொல்லவேயில்லை. விளிம்பில் பச்சைக் கோடு போட்ட, கனமான, பழைய கிளாஸ். எங்கள் தேநீர் அறையில் குழாய்த் தண்ணீரைத் தானே பிடித்து, கொஞ்சம் கொட்டி, மறுபடி கொஞ்சம் பிடித்து, இவ்வளவுதான் என்று கோட்டுக்குச் சற்று மேலே விரலை வைத்தார். அந்தத் தண்ணீரை அளவுக்குழாயில் ஊற்றிப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது.

கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்தபோது அவர் வாங்கவில்லை.

"இது இங்கேயே ஈக்கட்டும். ஊட்டுல வாணாம்."

அத்தோடு இன்னொன்றும் கேட்டார். கணவருக்கு இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, தனக்கு வாய் வரவில்லை, நீங்களே சொல்லுங்கள், நான் வெளியே நிற்கிறேன் என்றார். எப்படியும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. கணவரின் நோயைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுத அவருடைய சம்மதம் வேண்டும். என்ன நோய் என்று சொல்லாமல் எதற்குச் சம்மதம் கேட்பது?

சில நாள் கழித்து விக்கல் நின்று அவர் உட்கார்ந்திருந்தபோது போனேன். வார்த்தைகளை எடைபோட்டுப் போட்டுச் சொன்னேன். வீட்டில் கொடுத்த சாறு என்று சொல்லாமல், நீங்கள் குடித்த சாறு என்றேன். கடையில் ஆணிக்கு விலை கேட்பவர்களிடம் எப்படித் தலையாட்டுவாரோ அப்படியே தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கடைசியில் வாசல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"அவ குடுத்தா எண்டு எழுதாதீங்க. நானே பறிச்சி அரச்சி குடிச்ச எண்டு எழுதுங்க."

கட்டுரையில் யாருடைய பெயரும் வராது, யார் கொடுத்தது என்பதற்கே அங்கே இடமில்லை என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன். அவர் சமாதானமாகவில்லை.

"எழுத்துல இல்லாட்டியும் ஒங்கட மனசுல ஈக்குமே டொக்டர்."

கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இந்த வயதில், இந்தத் தொழிலில், நடுப்பகலில் மாடிப்படியில் நின்று மூக்கைத் துடைப்பது எவ்வளவு அசிங்கம் என்று நினைத்துக்கொண்டே துடைத்தேன்.

பெருநாள் வந்து போனது. சிலருடைய சிறுநீரகம் சில வாரங்களில் திரும்பிவிடும், சிலருடையது மாதக்கணக்கில் எடுக்கும் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். நானும் காத்திருந்தேன். இரத்தப் பரிசோதனை முடிவு வரும்போதெல்லாம், என் வேலை இல்லாவிட்டாலும், தேடிப் பார்த்தேன். ஒருமுறை இரத்தத்தில் தங்கிய கழிவின் எண் கொஞ்சம் இறங்கியது, நானும் கொஞ்சம் ஆசைப்பட்டேன். பிறகு அது ஏறி, ஏறிய இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது. அவருடைய சிறுநீரகம் திரும்பவில்லை. கட்டுரையில் சிகிச்சையின் முடிவு என்ற இடத்தில், தொடர்ந்து டயலிசிஸில் இருக்கிறார் என்று எழுதினேன். எழுத ஒரு வரிகூட முழுதாகத் தேவைப்படவில்லை.

கிளாஸ் அங்கேயே இருந்தது. எறியவும் மனமில்லை, பாவிக்கவும் மனமில்லை. தேநீர் அறை அலுமாரியில் என் கோப்பைக்குப் பின்னால் வைத்திருந்தேன். யாராவது அதை எடுக்கப் போனால், அது வேண்டாம் என்பேன்.

மழை ஓய்ந்திருந்த ஒரு காலையில் அவரே வந்தார். மெலிந்து, கறுத்து, சட்டைக் கைக்குள் டயலிசிஸ் கட்டோடு வந்து நின்றார். ரிப்போர்ட்டுக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். கதிரையைக் காட்டினேன், உட்காரவில்லை. எங்கட ஊட்டுக் கிளாஸ் ஒண்டு இங்கே இருக்கிறதாமே என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எவ்வளவு கொள்ளும் என்று கேட்டார். அது எனக்கு மனப்பாடம், சொன்னேன். மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்துச் சிரித்தார். டயலிசிஸ்காரருக்குத் தண்ணீரும் அளவுதான். இந்தக் கிளாஸால் ஒரு நாளைக்கு இரண்டு, அதற்குமேல் இல்லை. நோன்பில் மாலை வரைக்கும்தான் தாகம், இப்போது தாகத்துக்கு மாலையே இல்லை என்றார்.

பிறகு விஷயத்துக்கு வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து மனைவி அவருக்குத் தன் கையால் எதையும் கொடுப்பதில்லை. மரத்தை வெட்டுவித்துவிட்டார். சமைப்பார், மேசையில் வைப்பார், உள்ளே போய்விடுவார். பரிமாறுவது மருமகள். டயலிசிஸுக்குக் கூடவே வருவார், வெளியில் உட்கார்ந்திருப்பார், தண்ணீர் என்று கேட்டால் மகனைக் கூப்பிடுவார். இவர் பேசிப் பார்த்தாராம், மகளை விட்டுப் பேசச் சொன்னாராம், ஒன்றும் நடக்கவில்லை.

"கிட்னி போனா மிசின் ஈக்கி டொக்டர். இதுக்கு என்னத்த செய்ற?"

கிளாஸைச் சுற்ற ஒரு தாள் கேட்டார், பழைய பத்திரிகையைக் கொடுத்தேன். வாங்கியவர், யோசித்துவிட்டுத் தாளை மேசையிலேயே வைத்து, கிளாஸை வெறுங்கையில் பிடித்துக்கொண்டு போனார்.

எங்கள் ஜன்னலிலிருந்து பார்த்தால் கீழே வாகனங்கள் நிற்கும் இடம் தெரியும். வேலை குவிந்து கிடந்தது, ஆனாலும் எழுந்துபோய் நின்றேன். மரத்தடியில் போட்டிருந்த வாங்குப் பலகையில் மனைவி கைப்பையோடு உட்கார்ந்திருந்தார். கணவர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு அவர் கிளாஸை மனைவியின் முன்னால் நீட்டினார்.

அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கணவர் கையை மடக்கவில்லை. அவர்களை ஏற்றிப்போக நின்ற த்ரீவீல்காரர் ஒருமுறை ஹோர்ன் அடித்துவிட்டு அடங்கிவிட்டார். டயலிசிஸ் செய்த கையை மற்றக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டார். அப்போதும் இறக்கவில்லை.

மனைவி பையைத் திறந்தார். தண்ணீர்ப் போத்தலை எடுத்து, மூடியைத் திருகி, ஊற்றினார். எவ்வளவு ஊற்றினார் என்று மேலேயிருந்து எனக்குத் தெரியவில்லை. அவர் குடித்து முடிக்கும்வரை அந்தப் பெண் கிளாஸின் அடியில் கையை வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.