சைபர் நம்பர் டிஸ்க்

சண்முகவேல் போட்ட ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். அவர்களில் ஒருவர்கூட அவருடைய சொந்த ஊரான மல்லசமுத்திரத்தில் கிடையாது. எல்லாரும் சத்தீஸ்கரிலும் மத்தியப் பிரதேசத்திலும் இருக்கிறார்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்களின் பிழைப்பு அப்படி. ஊரான் வீட்டுக் கொல்லையில் தண்ணீர் பீறிட்டு வரும்போது பக்கத்தில் நிற்பார்கள். சொந்த வீட்டுக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்பதைப் போனில் கேட்டுத்தான் தெரிந்துகொள்வார்கள்.

இருபத்து நான்கு வருடம் அவர் டிரில்லராக இருந்தார். வடக்கே மழை பிடித்து, வண்டி காட்டுக்குள் இறங்க முடியாமல் சேறாகும்போதுதான் ஊர் திரும்புவார். ஆனிக் கடைசியில் வந்தால் ஆவணி முடிந்து கிளம்புவார். அதனால் அவர் நினைவில் இருந்த வீட்டில் எந்நேரமும் ஆடிக்காற்றுதான் அடித்துக்கொண்டிருக்கும். ஒரே மகள் தனப்பிரியா ஊர்ப் பிள்ளைகள் மாதிரி நாளுக்கு நாள் வளர்ந்தவள் அல்ல. அவர் கணக்கில் அவள் ஆடிக்கு ஆடி, திடுக்கென்று நாலு விரற்கடை வளர்ந்தாள்.

மீதிப் பத்து மாதத்தையும் மனைவி பூங்கொடி தன் செல்போனில் பிடித்து வைப்பாள். பல் விழுந்தது, மாறுவேடப் போட்டி, அம்மை வார்த்து வேப்பிலையோடு படுத்துக் கிடந்தது, சைக்கிளிலிருந்து விழுந்தது, ஒன்று விடமாட்டாள். ஆடியில் வந்ததும் சண்முகவேல் செய்யும் முதல் வேலை, அந்த மெமரி கார்டைக் கம்ப்யூட்டரில் செருகி எல்லாவற்றையும் ஏற்றுவதுதான். ஏற்றி முடித்ததும் கார்டைத் துடைத்துக் காலியாக்கி அடுத்த வருடத்துக்காக மனைவியிடமே கொடுத்துவிடுவார். போல்டருக்குப் பெயர் வைப்பதில் மட்டும் மனிதருக்குத் தனி வழி. அந்த வருடம் தான் எங்கே இருந்தாரோ அந்த ஊரின் பெயர்தான்.

"பாப்பா பள்ளிக்கூடம் சேர்ந்தது நம்ம ஊர்லீங்க. எதுக்குங்க ராய்ப்பூருன்னு போட்டு வெச்சிருக்கறீங்க?" என்று பூங்கொடி ஒருமுறை கேட்டாள்.

"அப்ப நான் ராய்ப்பூர்ல இருந்தேன்ல" என்றார்.

இரண்டு வருடத்துக்கு முன் இடுப்பு எலும்பு தேய்ந்துபோய் வண்டியை விட்டு இறங்கினார். இப்போது இரண்டு மாடு, ஒரு ஏக்கர் சோளம், மத்தியானம் முழுக்கக் கம்ப்யூட்டர். சாப்பிட்டுவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் ஜபல்பூரைத் திறப்பார், பிலாஸ்பூரைத் திறப்பார். உள்ளே மகள் பாவாடை கட்டிக்கொண்டு ஆடுவாள், அழுவாள், கையை நீட்டிப் பரிசு வாங்குவாள். வெளியே வெயில் சோளத்தட்டின் மேல் வெள்ளையாகக் காயும். தூங்குகிறாரா விழித்திருக்கிறாரா என்று பூங்கொடி எட்டிப் பார்த்தால் கண் திறந்துதான் இருக்கும். அவர் இல்லாமல் நடந்த நாட்களில் அவர் மெதுவாக நடமாடிக்கொண்டிருப்பார். திரும்பக் கூப்பிடப் பாவமாக இருக்கும்.

இந்த நிலையில்தான் ஹார்ட் டிஸ்க் நிறைந்துபோனது. 'டி' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் சிவப்புக் கோடு காட்டியது. போன மாதம் கல்லூரி விழாவில் தனப்பிரியா பேசியதை ஏற்றப் போனால் இடமில்லை என்றது. திருச்செங்கோட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் சபரிநாதன், பழசைத் தொட வேண்டாம், பக்கத்திலேயே இரண்டாவதாக ஒன்றைப் பொருத்திக்கொள்ளலாம் என்று சொல்லி ஒரு புது டிஸ்க்கைக் கொடுத்தான்.

"நானே வந்து மாட்டிக் குடுக்கறனுங்க" என்றான்.

"எண்ணூறு அடிக்குக் கீழ மாட்டிக்கிட்ட, பாறை ஒடைக்கற ஹேமரையே ஏத்தி எடுத்தவன் நானு. இது என்ன, நாலு திருகாணி" என்று சொல்லிவிட்டு வந்தார்.

மாட்டியது அழகாகத்தான் மாட்டினார். கரண்டைப் பிடுங்கி, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, பழைய டிஸ்க்குக்குக் கீழே இருந்த காலிப் பொந்தில் புதுசைச் செருகி, நாலு திருகாணியையும் அளவாக முடுக்கினார். கரண்டுக்கு ஒரு ஒயர், தகவலுக்கு ஒரு ஒயர். உள்ளே பதினான்கு வருடத் தூசி இருந்தது. அதையும் தூரிகையால் தட்டி எடுத்தார். பிறகு சபரிநாதனுக்குப் போன் போட்டார்.

அங்கே கடையில் கூட்டம் போலிருக்கிறது. "டிஸ்க் மேனேஜ்மென்ட் தொறந்தீங்கன்னா ரெண்டு வரிசை தெரியுமுங்க. புதுசப் பாத்து பார்மேட் குடுத்துட்டீங்கன்னா முடிஞ்சுதுங்க" என்று சொல்லி வைத்துவிட்டான். அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். சபரிநாதனின் அவசரத்தில் சண்முகவேலின் கை நுழையக்கூடாத இடத்தில் நுழைந்தது.

திறந்ததும் திரையில் ஏதோ ஒரு பெட்டி வந்து என்னமோ கேட்டது. வேண்டாம் என்று தள்ளினார். கீழே இரண்டு வரிசை. மேலே பூஜ்யம் போட்ட டிஸ்க் சைபர், கீழே டிஸ்க் ஒன்று.

ரிக்கில் துளைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக இரும்பு ராடு இறக்கும்போது எண்ணுகிறவன் 'ஒண்ணு' என்று தொடங்கமாட்டான். முதல் ராடு 'லாபம்'. அப்புறம்தான் ரெண்டு, மூணு. களத்தில் நெல் அளக்கிறவர்களின் வழக்கம். நாவோடு வந்து வண்டியிலும் ஏறிக்கொண்டது. இருபத்து நான்கு வருடத்தில் எத்தனை ஆயிரம் முறை லாபம் சொல்லியிருப்பார்! 'ஒன்று' என்ற எழுத்தைப் பார்த்ததுமே அவர் நாக்கு தன்னால் "லாபம்" என்றது. லாபம் என்றால் முதலாவது. முதலாவதாக வந்தது பழசு. எல்லாச் சொத்தும் இருப்பது அதில்தான். சைபர் என்றால் ஒன்றுமில்லாதது. அப்படியானால் காலி டிஸ்க் அதுதானே?

போதாததற்குச் சைபர் வரிசையில் ஒரு கட்டத்தில் 'நியூ வால்யூம்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பழைய டிஸ்க்கைப் பதினான்கு வருடத்துக்கு முன் பொருத்திக் கொடுத்தவன் பெயர் மாற்றாமல் விட்டுப்போனது அது. பெயர்தான் புதுசு, உள்ளே இருந்ததெல்லாம் பழசு. கீழே உண்மையான புதுசு கறுப்புக் கோடு போட்டு அடையாளம் இல்லாமல் கிடந்தது. கறுப்பாக இருப்பதால் நிறைந்திருக்கிறது என்று அதற்கும் ஒரு அர்த்தம் பண்ணிக்கொண்டார்.

நியூ வால்யூமின் மேல் வைத்து பார்மேட் கொடுத்தார். எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று அது கேட்டது. புதுசில் அழிய என்ன இருக்கிறது? சம்மதம் என்றார். ஒரு வாய் தண்ணீர் குடிக்கும் நேரத்தில் முடிந்துவிட்டது. வேலை செய்கிறதா என்று சோதிக்க, பென் டிரைவிலிருந்து ஒரு கட்டு பக்திப் பாட்டை அதில் ஏற்றினார். ஏறியது. சந்தோஷமாக ராய்ப்பூரைத் திறக்கப் போனார்.

ராய்ப்பூர் இல்லை. ஜபல்பூர் இல்லை. பாட்டு மட்டும் இருந்தது.

மூடித் திறந்தார். அணைத்துப் போட்டார். நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடி எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டது தன் குரல்தானா என்று தெரியாத ஒரு குரலில் மனைவியைக் கூப்பிட்டார்.

பூங்கொடி திட்டியிருந்தால் தேவலை. அவள் திரையைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். "போனாப் போவுதுங்க. எனக்குத்தான் எல்லாமே நெனப்புல இருக்குதில்லீங்க" என்றாள்.

ஆறுதலாகத்தான் சொன்னாள். அதுதான் அவரைக் குத்தியது. அவளுக்கு இருக்கிறது. அவருக்கு எங்கே இருக்கிறது? மகள் வளர்ந்ததை அவர் பார்த்தது அந்த டிஸ்க்கில்தான். அது போனால் அவர் பத்துப் பதினைந்து ஆடிகளுக்கு மட்டும் தகப்பன்.

சபரிநாதன் போனிலேயே கத்தினான். "கைய எடுங்க மொதல்ல! அதுல இனி ஒரு எழுத்து எழுதாதீங்க. அப்படியே அமத்திப் போட்டுட்டுப் பெட்டியத் தூக்கிட்டு வாங்க."

பெட்டி கடைக்குப் போய் நாலு நாள் ஆயிற்று. அந்த நாலு நாளும் அவர் மத்தியானத்தில் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்தார். எதிரே தூசித் தடம் மட்டும் சதுரமாக இருந்தது. ஐந்தாம் நாள் சபரிநாதனே பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான். புது டிஸ்க்கை முறையாகத் தயார் செய்து, பழசிலிருந்து தேடி எடுத்ததையெல்லாம் அதில் கொட்டியிருந்தான்.

"பத்துல ஏழு கெடச்சுருச்சுங்க. பாட்டு ஏத்துனீங்க பாருங்க, அது கொஞ்சத்த முழுங்கிருச்சு. போல்டரு, பேரு, தேதி ஒண்ணும் வரலீங்க. எல்லாத்துக்கும் வெறும் நம்பர்தான்."

"படம் இருக்குதில்ல?"

"இருக்குதுங்க."

அந்த வார்த்தை போதும் என்றுதான் அப்போது நினைத்தார்.

திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. ஆறாயிரத்துச் சொச்சம் படங்கள் முன்பின் இல்லாமல் கலந்து கிடந்தன. பதினான்கு வயது மகள் தாவணி கட்டிக்கொண்டு நிற்கிறாள். அடுத்ததில் மூன்று வயதுக்காரி மண்ணைத் தின்கிறாள். அடுத்ததில் பல் இல்லாத வாயோடு சிரிக்கிறாள். அதற்கடுத்ததில் கல்லூரிப் பேருந்தில் ஏறுகிறாள். வளர்ந்தவள் குறுகி, குறுகியவள் நீண்டு, அழுகிறவள் அடுத்த நொடியில் ஊஞ்சலில் பறந்தாள். விடியற்காலைக் கனவில் ஆட்கள் வந்துபோவதைப் போல வந்துபோனாள். பார்க்கப் பார்க்க அவருக்குக் கிறுகிறுத்தது. ஆனாலும் கண்ணை எடுக்க மனம் வரவில்லை. எது எந்த வருடம் என்று மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை. ஊர்ப் பெயர்கள் போனதும் அவர் கையில் இருந்த ஒரே கயிறும் அறுந்துவிட்டது.

கல்லூரி விடுமுறை விட்டதும் தனப்பிரியாதான் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். முதலில் பழைய டிஸ்க்குக்கு 'வீடு' என்றும் புதுசுக்கு 'காப்பு' என்றும் பெயர் வைத்தாள். ஒன்றில் இருப்பது இன்னொன்றிலும் இருக்க வேண்டும், அப்புறம்தான் எதையும் அழிக்க வேண்டும் என்றாள். பிறகு ஒவ்வொன்றாகத் திறந்து பிரிக்க ஆரம்பித்தார்கள்.

"இது அம்மை வார்த்தப்பங்ப்பா. ரெண்டாவது படிச்சேன். அம்மா மோருதான் குடுப்பாங்க, நான் தட்டி உட்டுருவேன்."

"இது?"

"இதுல எனக்குப் பரிசு இல்லீங்ப்பா. கூட வந்த புள்ளைக்குத்தான், நானும் சேந்து கைய நீட்டிட்டேன். அம்மா தெரியாம கை தட்டறாங்க, கேளுங்க."

அவர் கேட்டார். எத்தனையோ மத்தியானம் பார்த்த படம்தான். பரிசு தன் மகளுக்கென்றே இத்தனை நாள் பெருமைப்பட்டிருந்தார். சோறு ஆறிவிட்டது என்று பூங்கொடி சொல்ல வந்து, அவளும் நின்று, "அன்னைக்கு மழைங்க, ரிப்பன் எல்லாம் நனஞ்சுபோச்சு" என்று ஒன்றைச் சேர்த்துவிட்டுப் போவாள். புது போல்டர்களுக்கு மகள் வைத்த பெயர்களில் ஒரு ஊரும் இல்லை. 'முன்பல் விழுந்தது', 'சைக்கிள்', 'அம்மா கோபமாக இருந்த வருடம்' என்றெல்லாம் இருந்தன. மத்தியானம் எப்போது சாய்ந்தது என்று தெரியாமல் சாய்ந்துகொண்டிருந்தது. சண்முகவேலுக்கு அந்த நாட்கள் இனித்தன, வெட்கமாகவும் இருந்தன.

மூன்றாம் வாரத்தில் ஒரு வீடியோ வந்தது. ஐந்து வயது இருக்கும். சோளக்காட்டு வரப்பில் சிவப்புக் கவுனோடு தனப்பிரியா நிற்கிறாள். காற்று பேய்போல இரைகிறது. திடீரென்று அவள் கேமராவை நோக்கி ஓடி வருகிறாள், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு. பக்கத்தில் வந்ததும் படம் தலைகீழாகி, வானம் தெரிந்து, இருட்டாகிவிட்டது. இருட்டிலும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. துணி உரசுகிற சத்தம், குழந்தை மூச்சு வாங்கச் சிரிக்கிற சத்தம்.

"இது எந்த வருசம் பூங்கொடி?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். "இது நான் எடுக்கலீங்களே."

"அப்பறம் ஆரு எடுத்தா?"

தனப்பிரியா அவரைத் திரும்பிப் பார்த்தாள். "என்னங்ப்பா எங்களக் கேக்கறீங்க? நீங்கதான் எடுத்தீங்க. அம்மாவோட போன வாங்கிட்டு என்னய ஓடி வரச் சொன்னீங்க. போனச் சட்டப் பையில போட்டுட்டு என்னயத் தூக்கிக் கழுத்து மேல வெச்சுக்கிட்டு, கெணத்து மேடு வரைக்கும் போனீங்க. நல்லா நெனப்பிருக்குது எனக்கு."

சண்முகவேல் நினைவைத் துழாவினார். எந்தக் காட்டில் எத்தனை அடியில் தண்ணீர் வந்தது என்று இன்றைக்கும் பிசகாமல் சொல்லக்கூடியவர். வரப்பு, சிவப்புக் கவுன், கழுத்தில் அவள் பாரம். எவ்வளவு துழாவியும் ஒன்றும் அகப்படவில்லை. அவர் இருந்த நாளும் அவரிடம் இல்லை. ஆனால் மகளிடம் இருந்தது. பதின்மூன்று வருடமாக, எந்த டிஸ்க்கிலும் ஏற்றாமல் அவள் அதை வைத்திருந்திருக்கிறாள்.

"எந்தப் போல்டர்ல போடட்டுங்ப்பா?" என்றாள்.

அவர் நாற்காலியைத் திரையிலிருந்து அவள் பக்கம் திருப்பினார்.

"இருக்கட்டும் சாமி. கெணத்து மேட்டுல என்ன பண்ணுனோம், அதச் சொல்லு" என்றார்.