என் மகனுக்குக் கண்ணைச் சுற்றிக் கறுத்தபோது

என் மகனுக்கு இரண்டு வயது முடிந்திருந்தது. கொல்லைக்கும் தெருவுக்கும் ஓடிக்கொண்டிருந்தவன் ஓர் ஐப்பசி மாதத்தில் நடக்க மறுத்தான். நின்ற இடத்திலிருந்தே இரண்டு கைகளையும் நீட்டித் தூக்கச் சொல்வான். தூக்கினால் அதற்கும் அழுவான். செல்லம் கூடிவிட்டது என்று என் கணவர் சொன்னார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

நான் கிராம சுகாதாரச் செவிலியர். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே சில ஊர்களில் குழந்தைகளுக்கு எடை பார்ப்பதும் தடுப்பூசி போடுவதும் என் வேலை. இமையைக் கீழே இழுத்துப் பார்த்தே ரத்தசோகையைச் சொல்லிவிடுவேன். குழந்தைகளுக்குப் புற்றுநோய் வரும் என்று படிப்பில் எங்கோ ஒரு வரி இருந்திருக்கும். வேலைக்கு வந்த பிறகு அப்படி ஒரு குழந்தையை நான் பார்த்ததேயில்லை.

காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. ஊர் டாக்டர் தொண்டையைப் பார்த்தார், மருந்து கொடுத்தார். கால் வலி வளர்கிற வயதில் வருவதுதான் என்றார். மருந்து தீரும்வரை காய்ச்சல் இருக்காது. தீர்ந்த மறுவாரம் வந்துவிடும்.

பிறகு கண்களைச் சுற்றிக் கறுக்கத் தொடங்கியது. முதலில் ஒரு கண், அப்புறம் இரண்டும். யாரோ குத்திவிட்டதுபோல இருந்தது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு அவனைக் கொண்டுபோன அன்று பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மாள் வெகுநேரம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது என்னிடம் குனிந்து, "பெத்த புள்ளைய இப்படியா அடிக்கிறது? வெளங்குவியா நீ?" என்று சொல்லிவிட்டுப் போனார். மடியில் இருந்தவன் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் குழந்தைகளைப் பார்க்கிற டாக்டர் என்னைவிட வயதில் சிறியவர். என் மகனின் கண்ணைக்கூட அவர் முதலில் பார்க்கவில்லை. சட்டையைத் தூக்கி வயிற்றில் கை வைத்தார். இடது விலாவுக்குக் கீழே வந்ததும் கை நின்றுவிட்டது. எவ்வளவோ குழந்தைகளை மேசையில் படுக்கவைத்துப் பார்த்தவள் நான். என் மகனைத் தினமும் குளிப்பாட்டியவளும் நான்தான். அவர் கையை எடுத்த பிறகு அதே இடத்தில் நான் கை வைத்துப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது.

ஸ்கேன், எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை எல்லாம் முடிந்த பிறகு எங்கள் இருவரையும் உட்காரவைத்து டாக்டர் அந்த வார்த்தையைச் சொன்னார். பீடி குடிக்கிறவர்களுக்கும் புகையிலை போடுகிறவர்களுக்கும்தானே அது வரும், பால் குடி மறந்து ஒரு வருஷம் ஆகாத பிள்ளைக்கு எப்படி வரும் என்று என் கணவர் கேட்டார். கோபமாகத்தான் கேட்டார்.

"பெரியவங்களுக்கு வர்றது வேற, இது வேறங்க," என்றார் டாக்டர். "இவன் அம்மா வயித்துல இருந்தப்ப நரம்பா மாறவேண்டிய செல்லுங்க கொஞ்சம் மாறாமலே தங்கிப்போச்சு. அது இப்ப கட்டியா வளர்ந்து எலும்புக்கும் போயிருக்கு. அதான் நடக்க மாட்டேங்கறான். கண்ணுக்குப் பின்னாடி எலும்புலயும் இருக்கு. அதான் கறுப்பு."

என் கணவர் விவசாயி. "அப்ப விதையிலயே இருந்துச்சுங்களா?" என்றார்.

"அப்படி வச்சுக்கலாம். ஆனா நீங்க ரெண்டு பேரும் செஞ்ச எதனாலயும் இது வரலை."

ஆறுதலுக்காகத்தான் அதைச் சொன்னார் என்று தெரியும். எனக்கு ஆறுதலாக இல்லை. நான் ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் தடுக்கிற வழிகள். தண்ணீரைக் கொதிக்கவை, இரும்புச் சத்து மாத்திரையைப் போடு, ஊசியைத் தள்ளிப்போடாதே. ஏதாவது ஒரு தப்பு செய்திருந்தால் அதையாவது பிடித்துக்கொண்டிருப்பேன். வயலில் அடித்த மருந்தா, கர்ப்பத்தில் நான் தின்றதா என்று பல நாள் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை.

மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். அதே வார்டில், அடுத்த கட்டிலில், அதிராம்பட்டினத்துப் பெண்பிள்ளை ஒன்று இருந்தது. நாலு வயது, ரத்தப் புற்றுநோய். அதன் அப்பா துபாயில் இருந்ததால் அம்மா தனியாகத்தான் பார்த்துக்கொண்டார். நான் சாப்பிடப் போனால் அவர் என் மகனைப் பார்த்துக்கொள்வார், அவர் தொழுகிற நேரத்தில் அந்தப் பிள்ளை என்னிடம் இருக்கும். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே வாரத்தில் முடி கொட்டியது. ஒன்றின் தலையை ஒன்று தடவிச் சிரித்தன. மாசி மாதம் போல என் மகன் எழுந்து நடந்தான். கண்ணின் கறுப்பு மறைந்தது. வார்டுக்கு வெளியே தாழ்வாரத்தில் அவன் ஓடியதைப் பார்த்து என் கணவர் சுவரோரம் திரும்பி நின்று அழுதார்.

ஒரே பெயரில் சொன்னாலும் இரண்டும் வேறு வேறு நோய் என்று அப்போது எனக்குச் சரியாகப் புரிந்திருக்கவில்லை. அந்தப் பிள்ளையின் ரத்தம் சுத்தமாகிக்கொண்டே வந்தது. அதற்கு வந்தது பெரும்பாலும் குணமாகிற வகை என்று டாக்டர் சொன்னாராம். என் மகனுக்குக் கட்டியை அறுத்து எடுத்த பிறகும், எலும்பில் மிச்சம் இருக்கிறது என்றார்கள். இனி மாத்திரை மட்டும் போதும் என்று அவர்களை வீட்டுக்கு அனுப்பிய நாளில், அந்த அம்மா என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. நான் மருந்து வாங்கிக்கொண்டு வந்தபோது அந்தக் கட்டில் காலியாக இருந்தது. என் மகனின் தலைமாட்டில் அந்தப் பிள்ளையின் பொம்மை இருந்தது. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் என்ன சொல்லிவிட்டுப் போயிருக்க முடியும்?

ஆவணியில் அவன் மறுபடி நொண்டினான். இந்த முறை டாக்டரிடம் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "இனிமே மருந்து நோயைத் தொடாது, சிஸ்டர். புள்ளையத்தான் படுத்தும்," என்றார். என் கணவர் அதை ஏற்கவில்லை. சென்னைக்குக் கொண்டுபோனோம். அங்கே வேறு வார்த்தைகளில் அதையே சொன்னார்கள். வலிக்கான மருந்தைக் கொடுத்து அனுப்பினார்கள்.

கடைசியில் அவனைத் தொட முடியாமல் போய்விட்டது. எலும்பெல்லாம் வலி. தூக்கு தூக்கு என்று கேட்டவன், நான் பக்கத்தில் போனாலே, "அம்மா வேணாம், தொடாத" என்பான். பாயில் படுக்கவைத்துவிட்டு ஒரு கை தூரம் தள்ளி உட்கார்ந்திருப்பேன். இத்தனை குழந்தைகளுக்கு ஊசி போட்ட கை, அவனுக்கு எதுவும் செய்யத் தெரியாமல் மடியில் கிடந்தது.

கார்த்திகையில் ஒரு பகல் வேளையில் போய்விட்டான். வயலில் களை பறிப்பு நடந்துகொண்டிருந்தது. சேதி போய், என் கணவர் முழங்கால்வரை சேற்றோடு ஓடிவந்தார். அவனை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டார். வலிக்கும், வலிக்கும் என்று நான் கத்தினேன். அவர் என்னைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

விடுப்பு முடிந்து வேலைக்குப் போனேன். எடை பார்க்கிற ஒவ்வொரு குழந்தையின் வயிற்றையும் அழுத்திப் பார்த்தேன். ஏன் இப்படி அமுக்குறீங்க என்று ஒரு தாய் என் கையைத் தள்ளிவிட்டார். இன்றுவரை ஒரு குழந்தையின் வயிற்றிலும் நான் எதையும் கண்டதில்லை. அது அவ்வளவு அபூர்வம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இன்னொன்று பெற்றுக்கொள்ளுங்கள், அதற்கும் வரும் என்று பயப்பட வேண்டியதில்லை என்றார். நாங்கள் பெற்றுக்கொள்ளவில்லை. அதைப் பற்றி ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

அதிராம்பட்டினத்து அம்மா ஒருமுறை கூப்பிட்டார். சொல்லாமல் போனதற்கு அழுதார். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். பள்ளிக்கூடம் போகிறாளாம், முடி நீளமாக வளர்ந்துவிட்டதாம். நல்லா இருக்கட்டும் என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அதன் பிறகு அவர் கூப்பிடும்போதெல்லாம் மணி அடித்து ஓயும்வரை போனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். எடுப்பதில்லை.