மீன்களோடு வந்த டூல்பார்

எங்கள் பொருளியல் துறையில் ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே கம்ப்யூட்டர். துறைத் தலைவர், அவருக்கு அடுத்த மூத்த பேராசிரியர், இரண்டு ஆசிரியைகள், நான். கடைசியாகச் சேர்ந்தவனும் கல்யாணம் ஆகாதவனும் நான் ஒருவன்தான். திருமங்கலத்துக்குத் தெற்கே, அடுத்தவர் வயலில் கூலிக்குப் போன குடும்பம் எங்களுடையது. அது எல்லாருக்கும் தெரியும். யாரும் அதைப் பேசியதில்லை.

ஒரு மதியம் ஆசிரியைகளில் ஒருவர் தேர்வு முடிவு பார்க்க இன்டர்நெட்டைத் திறந்தார். அரைகுறை ஆடையில் ஒரு பெண் திரை முழுக்க வந்து நின்றாள். பதறி மூடினால் இன்னொரு ஜன்னல் திறந்தது. அதையும் மூட, சூதாட்ட விளம்பரம். அவர் சுவிட்சையே அணைத்துவிட்டார். எல்லாரும் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, அவரவர் விடைத்தாள்களுக்குத் திரும்பினார்கள்.

அதற்குப் பிறகு நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாலே பின்னால் இருக்கும் அலமாரியில் யாருக்காவது புத்தகம் தேவைப்பட்டது. மேசையைத் திருப்பி, திரை வாசலைப் பார்க்கும்படி வைத்தார்கள். ஒரு நாள் பாஸ்வேர்டும் வந்தது. மற்ற நால்வருக்கும் அது தெரிந்திருந்தது. மூத்த பேராசிரியர் டீ குடிக்கும்போது சிரித்துக்கொண்டே சொன்னார்: "காலாகாலத்துல ஒரு கல்யாணத்த முடிச்சிருங்க தம்பி." பஸ்ஸில் பாதி வழி போன பிறகுதான் அதன் அர்த்தம் எனக்கு உறைத்தது.

நானும் அவர்களைச் சந்தேகப்படத் தொடங்கினேன். எல்லாரும் போன பிறகு யார் தங்குகிறார், யார் திரையைச் சட்டென்று மாற்றுகிறார் என்று கவனித்தேன். துறைத் தலைவர் சனிக்கிழமைகளில் தனியாக வருவார். மூத்தவர் அடிக்கடி ஏதாவது டவுன்லோட் செய்துகொண்டிருப்பார். ஒருவர் மேலும் என்னால் உறுதியாகக் கை நீட்ட முடியவில்லை.

ஊர்த் திருவிழாவுக்காக லீவு போட்டேன். திரும்பி வந்ததும் தெரிந்தது: நான் இல்லாதபோதும், பாஸ்வேர்டு போட்ட பிறகும், அந்த ஜன்னல்கள் திறந்திருக்கின்றன. இனி என் மேல் பழி இருக்காது என்று நினைத்தேன். ஆனால் ஊருக்குப் போகும் முன்பே நான் எதையோ செய்து வைத்துவிட்டுப் போயிருக்கலாம் என்று அவர்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது.

அன்றே துறைத் தலைவரிடம், எல்லார் முன்னிலையிலும் கம்ப்யூட்டரைப் பார்க்க அனுமதி கேட்டேன். பிரௌசரின் மேற்பகுதியில், முகவரிக் கட்டத்துக்குக் கீழே, தேடல் பெட்டியோடு புதிதாக ஒரு பட்டை. இதை யார் போட்டது என்றேன். அது முதலிலிருந்தே இருக்கிறது என்றார்கள். இல்லை என்று எனக்குத் தெரியும். எங்கள் தெரு பிரௌசிங் சென்டர்க்காரர் தினமும் காலையில் இப்படிப்பட்ட டூல்பார்களைத் திட்டிக்கொண்டே நீக்குவதைப் பார்த்திருக்கிறேன். பிரௌசரோடு ஒட்டிக்கொள்ளும் ஆட்-ஆன்களின் பட்டியலைத் திறந்து, பெயர் விளங்காதவற்றை நிறுத்தினேன். கம்ப்யூட்டரை அணைத்து மீண்டும் போட்டதும் பட்டை திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

பிறகு அந்த டூல்பாரின் ஃபோல்டர் எந்தத் தேதியில் உருவானது என்று பார்த்தேன். அதே நாளில் இன்னொன்றும் உருவாகியிருந்தது: மீன்தொட்டி ஸ்கிரீன்சேவர், கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போது திரையில் மீன்கள் நீந்தும் படம். மூத்த பேராசிரியர் இலவசமாகக் கிடைத்தது என்று இறக்கியது. நாங்கள் எல்லாரும் டீ கிளாஸோடு நின்று அந்த மீன்களை ரசித்திருக்கிறோம். இரண்டையும் நீக்கினேன். கம்ப்யூட்டர் தொடங்கும்போதே ஓடும்படி ஒளிந்திருந்த ஒன்றையும் நிறுத்தினேன். மறுபடி திறந்தபோது எந்த ஜன்னலும் வரவில்லை.

விளம்பரம் மீன்களோடு வந்திருக்கிறது, யாரும் வேண்டுமென்று செய்யவில்லை என்று விளக்கினேன். மூத்தவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வச்ச ஆளுக்குத்தான தம்பி இம்புட்டுச் சரியா எடுக்கவும் தெரியும்?" என்றார்.

வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டேன்.

சில நாள் கழித்துத் துறைத் தலைவர் என்னைத் தனியாக அழைத்து, திருநகரில் இருந்த தம் வீட்டுக்கு வர முடியுமா என்று கேட்டார். அதே மீன்களை அவரும் சிடியில் கொண்டுபோயிருந்தார். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மேல் ஒரு துண்டு போர்த்தியிருந்தது. அவர் மனைவி காபி கொடுத்துவிட்டு, உள்ளே போகாமல் கதவருகிலேயே நின்றார். கணவன் மனைவி இரண்டு பேரும் என்னிடம்தான் பேசினார்கள். ஒருவரோடு ஒருவர் பேசவில்லை.

வேலை முடிந்ததும் அந்த அம்மாவை அருகில் அழைத்து ஒவ்வொன்றாகக் காட்டினேன். "இது சாரு தேடி வந்ததில்லம்மா. மீன் படத்தோட தானா வந்து ஒட்டிக்கிருச்சு. காலேஜுலயும் இப்படித்தான் ஆச்சு," என்றேன்.

அவர் மவுஸை என்னிடமிருந்து வாங்கி, தானே இன்டர்நெட்டைத் திறந்தார். மூடினார். மீண்டும் திறந்தார். ஒன்றும் வரவில்லை. "காலேஜுல யாரக் குத்தம் சொன்னாக?" என்று கேட்டார்.

"என்னைத்தாம்மா."

அவர் திரும்பிக் கணவரைப் பார்த்தார். துறைத் தலைவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பஸ் ஸ்டாப் வரை என்னோடு நடந்து வந்தார்.

மறுநாள் டீ நேரத்தில் அவரே தொடங்கி, தம் வீட்டிலும் அதே தொல்லை இருந்ததையும், அதை நான் வந்து நீக்கியதையும் எல்லாரும் கேட்கச் சொன்னார். பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி என்னிடம் நீட்டினார். ஆசிரியைகள் என்னோடு பழையபடி பேசத் தொடங்கினார்கள். மூத்தவர் மட்டும் ஓய்வு பெறும் வரை, நான் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தால் அலமாரிப் பக்கம் வந்து எதையாவது தேடிக்கொண்டிருந்தார்.