புல்லில் விரித்த வெள்ளை

எனக்கு வயது அறுபத்திரண்டு. ஏழு பிள்ளைகளை வளர்த்தேன். ஆறு நான் பெற்றது. ஏழாவது, செத்துப்போன என் தங்கையின் மகன் மாணிக்கம். அவனுக்கும் என் பால்தான். துணி வெளுப்பது என் தொழில். என் வெளுப்பைப் பினாங்கில் ஒரு துரை வீட்டிலும் குறை சொன்னதில்லை. அந்த வெளுப்பாலேயே என் கடைசி மகன் சாமிக்கண்ணு லாக்கப்புக்குப் போனான், அடியார்களே.

மாணிக்கம் ஏரோப்பிளேன் இறங்கும் திடலில் சிவப்புத் தலைப்பாகை கட்டிய காவற்காரன். காற்று எந்தப் பக்கம் என்று காட்ட, தரையில் நீள வெள்ளைத் துணியும் அதன் தலைமாட்டில் குறுக்கே ஒன்றும் போட்டு வைப்பான். அதைப் பார்த்துத்தான் துரைமார் இறங்குவார்கள். அன்று செவ்வாய்க்கிழமை. அந்தத் துணி அழுக்காகி என்னிடம் வெளுக்க வந்திருந்தது. எனக்கோ பங்களா விரிப்புகளைப் புல்லில் போட வெயில் வேண்டும். மூட்டையோடு சாமிக்கண்ணுவையும் கூட்டிக்கொண்டு திடலுக்குப் போனேன்.

"இங்கேயே விரிங்க பெரியம்மா. இன்னைக்கு யாரும் வரமாட்டாங்க. வந்தாலும் உங்க வெள்ளையப் பாத்துக் கண்ணு கூசித் திரும்பிப் போயிடுவாங்க!" என்று மாணிக்கம் சிரித்தான். தானே ஒரு முனையைப் பிடித்தான். நானும் சாமிக்கண்ணுவும் மற்ற முனையைப் பிடித்தோம். நீளத்தில் நான்கு, இடம் போதாமல் குறுக்கே ஒன்று.

அந்தக் குறுக்குத் துணியை இழுத்து விரிக்கும்போதே மேலே சத்தம் கேட்டது. சொந்த ஏரோப்பிளேன் வைத்திருந்த ஒரு துரை ஒரு சுற்றுச் சுற்றினார். எங்கள் விரிப்புகளைக் காற்றுக் குறி என்று நம்பி, நாங்கள் அள்ளுவதற்குள் இறங்கிவிட்டார். காற்று முதுகில் தள்ள, ஏரோப்பிளேன் நிற்க முடியாமல் ஓடி, ஓரத்து வாய்க்காலில் தலைகுப்புறக் கவிழ்ந்தது. துரைக்கு நினைவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்தார். மாணிக்கம் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்: "அந்தப் பொம்பளையும் அவ மகனும்தான் விரிச்சாங்க ஐயா. நான் வேலிக்கு அந்தப் பக்கம் நின்னேன்."

பொம்பளை. என் மடியில் வளர்ந்தவன்.

சாமிக்கண்ணுவைப் பிடித்துப் போனார்கள். துரை செத்தால் கொலைக் குற்றம் என்றார்கள். நான் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நடந்தேன். மாணிக்கத்தின் நாக்கு அழுக வேண்டும் என்று கேட்கத்தான் போனேன். சந்நிதியில் வாய் வரவில்லை. முருகா, அந்த வெள்ளைக்காரனின் கண்ணைத் திற என்று மட்டும் கேட்டேன். மூன்று நாள் பச்சைத் தண்ணீர்தான்.

நான்காம் நாள் துரை கண் திறந்தார். அவர் சொன்னதை ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் டிரெசர் வந்து சொன்னார்: "மேல சுத்துறப்ப மூணு பேர் விரிக்கிறதைப் பாத்தாராம்மா. ஒருத்தன் சிவப்புத் தலைப்பாகை. காவக்காரனே விரிச்சதாலதான் நம்பி இறங்கினாராம்."

அன்று சாயங்காலமே சாமிக்கண்ணு வீடு வந்தான். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்தேன். யாரையும் சபித்துக் கும்பிடுவதை அன்றோடு விட்டேன். நெஞ்சு ஆறிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். மாணிக்கம் இன்னும் என் வாசல் மிதிக்கவில்லை, நானும் கூப்பிடவில்லை. ஆனாலும் சொல்கிறேன், வளர்த்த பிள்ளையே உதறினாலும் மலைமேல் இருக்கிறவனிடம் போய் நில்லுங்கள். கேட்கத் தெரியாவிட்டாலும் அவன் கேட்க வைப்பான்.

இதை நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் மாணிக்கத்தின் மகள். ஓரிடத்தில் அவள் கை நின்றது. பார்த்தேன்.

செல்லம், மேலே உன் அப்பனையும் சேர்த்து ஏழு என்று சொன்னேனே, ஏழென்றுதான் எழுதினாயா? முதலிலிருந்து படி, கேட்கிறேன்.