ஆறாவது விரல்

அந்தக் கிறிஸ்தவக் கோயிலில் பூ மாற்றுவது, பீடத்துணி துவைப்பது, புனிதர்களின் சுரூபங்களைத் துடைப்பது எல்லாம் ஆறக்காதான். ஆறு என்றால் ஓடுகிற ஆறு இல்லை, எண்ணிக்கை. வலது கையில் சுண்டு விரலுக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டி விரலோடு பிறந்தவள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சும்மா விடுமா? "ஆறு வருது, நீச்சல் தெரியாதவன் ஒதுங்கு" என்று வழிவிடும். அதனால் கோயிலில்கூடக் கை கூப்பாமல், வலது கையைப் பாவாடை மடிப்புக்குள் ஒளித்தே ஜெபம் சொல்வாள்.

அவளுடைய அப்பா தச்சர். இயேசுவை வளர்த்த சூசையப்பரும் தானும் ஒரே தொழில்காரர்கள் என்று உறவு கொண்டாடுகிற ஆள். அந்தச் சூசையப்பர், கோயில் கட்டிய நாளிலிருந்து நிற்கிற மரச்சுரூபம். கையில் குழந்தை இயேசு. ஒருமுறை கூரை வேலையின்போது சட்டம் விழுந்து, ஆசீர்வதிக்கிற பிள்ளையின் கை முறிந்துபோனது. புதுக்கை செதுக்க அப்பாவைக் கூப்பிட்டார்கள். மகளை அருகில் உட்கார வைத்து, "கையக் காட்டு தாயி, பாத்துச் செதுக்கணும்" என்றார். ஒளித்த கையை அவரிடம் மட்டும் நீட்டினாள்.

கல்யாணம் பேசியபோது, விரலை எடுத்துவிட்டால் நல்லது என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார். எடுத்தாயிற்று. விரல் போனது, பெயர் போகவில்லை. ஊர் வைத்த பெயருக்கு ஆபரேஷன் ஏது? அன்று அப்பா, கட்டுப் போட்ட அவள் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அவர் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன.

இப்போது சுரூபத்தைப் புதுப்பிக்க நகரத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். மாடத்திலிருந்து இறக்கி, ஆளாளுக்கு அப்பியிருந்த பெயிண்டை அவள் சுரண்டச் சுரண்ட, குழந்தையின் சுண்டு விரலோடு ஒட்டிக்கிடந்த இன்னொன்று பிரிந்து வந்தது. பூசை வைக்கிற பங்குச்சாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எண்ணினார். தச்சருக்கு எண்ணத் தெரியாதுபோல என்று சிரித்தார். அந்தப் பெண் அதைத் தேய்த்துவிட அரத்தை எடுத்தாள்.

பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த ஆறக்கா எழுந்து கிட்டே வந்து பார்த்தாள். நீளக் கம்பில் துணி கட்டி இத்தனை காலம் துடைத்தது இதைத்தானா? மகள் ஒளித்து வைத்ததை மாடத்தில் ஏற்றி, ஊரையே அதன் முன்னால் முழங்கால் போட வைத்திருக்கிறார் மனுஷன்.

"எங்கப்பாவுக்கு நல்லா எண்ணத் தெரியும் சாமி." வலது கையை விரித்து அரத்துக்கு முன்னால் நீட்டினாள். "இதப் பாத்துதான் செஞ்சாரு. என்னோடத கேட்டாங்க, குடுத்துட்டேன். இதையாவது விட்டுடுங்க."

சாமி தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு விரல் கூட இருந்தால் ஆசீர்வாதம் குறைந்தா போகும் என்று முனகினார். அரம் பெட்டிக்குள் போனது.

அடுத்த ஞாயிறு பூசையில் ஆறக்கா இரண்டு கையையும் கூப்பி நின்றாள். விரல் போன பிறகும் அந்தக் கையை அவள் முந்தானைக்குள்தான் வைத்திருந்தாள், அன்றுவரை.